பத்தாம் நம்பர் வீட்டின் நடுச்சுவர்

கோயம்புத்தூர்
12.2.2025

அன்பு மூர்த்தி அண்ணாவுக்கு,

கோவிந்தராஜுலு எழுதுவது. நான் சௌக்கியம், மூன்று மாடி ஏறுகிற நேரம் நீங்கலாக. அந்தியூரில் மகள் வீடு பிடித்துப்போயிற்றா? போனில் கூப்பிட்டேன். நீங்கள் "ஆருங்க, ஆருங்க" என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். காது இன்னும் மோசம்போலிருக்கிறது. அதனால் கடிதம். அண்ணி போய்ப் பத்து மாதம் ஆகப்போகிறது. நீங்கள் ஒரு வரி எழுதவில்லை என்று குறை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நம் வாரியக் குடியிருப்பில் வெப்பம் குறைக்கும் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு, ஒவ்வொரு வீட்டிலும் சன்னலுக்கு மேல் ஒரு காற்றுத்துளை, பழைய ஃபேனுக்குப் பதில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஃபேன். எல்லாம் இலவசம். நித்யஸ்ரீ என்ற இளம் பொறியாளர் பொறுப்பு. நான் பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருஷம் பௌதிக ஆய்வகத்தில் இருந்தவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மேல்தளத்துப் பத்து வீடுகளிலும் சூட்டை அளந்து நோட்டில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி. கூரையைக் குறிவைத்து அமுக்கினால் எண் வரும். ஐந்தாம் நம்பர் பாலுசாமி தினமும் "சார், எதுக்குங்க வெயிலைச் சுட்டுக்கிட்டு, அது பாட்டுக்குப் போகட்டும்" என்கிறார்.

பத்து வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் நம் பிளாக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். மார்ச் முப்பத்தொன்று கடைசி. ஒன்பது வீடு ஆயிற்று. பாக்கி உங்கள் பத்தாம் நம்பர்தான். படிவம் இத்துடன் இருக்கிறது. உள்ளே வேலை இருப்பதால் சாவியும் வேண்டும்.

இன்னொன்று. பூட்டிய வீட்டுக்கு மீட்டர் ஓடுகிறது. நாளுக்கு ஒன்றேமுக்கால் யூனிட், கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஏதேனும் அணைக்க மறந்துவிட்டீர்களா?

அன்புடன்,
கோவிந்தராஜுலு


அந்தியூர்
20.2.2025

சாருக்கு ஈஸ்வரமூர்த்தி வணக்கமுங்க.

கடுதாசி கிடைச்சுதுங்க. நான் நல்லாருக்கறேன். மகளும் மாப்பிள்ளையும் நல்லாப் பாத்துக்கறாங்க. காது சுத்தமா அடைச்சுப்போச்சு, அதுவும் ஒரு நிம்மதிதானுங்க.

மறந்துபோட்டு வரலைங்க. ஃபேன் ஓடுது. ராசாத்தாளைத் தூக்கறப்ப ஓடிக்கிட்டிருந்துச்சு. நிறுத்த எனக்குக் கை போகலை. அப்படியே பூட்டிக்கிட்டு வந்துபோட்டேன். பில்லை மாப்பிள்ளை போன்லயே கட்டிப்போடறாரு.

கையெழுத்து வேண்டாமுங்க சார். ஊடு இருக்கறபடி இருக்கட்டும். ஆளில்லாத ஊட்டுக்குக் குளுமை எதுக்குங்க? அந்த அம்மணிகிட்ட நான் சொன்னேன்னு பக்குவமாச் சொல்லிருங்க. கோவிச்சுக்க வேண்டாம்.

ஈஸ்வரமூர்த்தி


கோயம்புத்தூர்
3.3.2025

அன்பு மூர்த்தி அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஃபேன் விஷயத்தில் நான் ஏதும் சொல்லமாட்டேன்.

ஆனால் திரும்பவும் கேட்க வேண்டியிருக்கிறது. எட்டாம் நம்பர் பங்காரம்மாவை நினைத்துப் பாருங்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்கியதில்லை. இறங்கினாலும் மூன்று மாடி. நேற்று மூன்று மணிக்கு அவர் தலைக்கு மேல் கூரைக் காங்கிரீட் நாற்பத்தொன்று காட்டியது. மாசியிலேயே இப்படி. "நாயுடுகாரு, சித்திரைக்கு நான் இருக்கமாட்டேன், எம் பேரை நோட்டுல அடிச்சுருங்க" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். என் மூளையில் கோளாறு என்று நீங்கள் நினைத்தாலும் தவறில்லை. நானே அப்படி நினைத்துத்தான் சோதித்தேன்.

உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுச்சுவரில் பகல் மூன்று மணி சுமாருக்கு இரண்டு தட்டு கேட்கிறது.

நல்ல தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை, நேரமில்லாத நேரத்தில் வருவதும், உங்கள் சன்னலிலிருந்துதான் கீழ்க்குழாய் தெரியும் என்பதும், தண்ணீரைப் பார்த்ததும் அண்ணி நடுச்சுவரை இரண்டு முறை தட்டுவதும், நான் இரண்டு குடத்தோடு இறங்குவதும் பன்னிரண்டு வருஷப் பழக்கம். அதே தட்டு. அதே இடைவெளி.

காங்கிரீட் வெயிலில் விரியும்; விரியும்போது சத்தம் வரும். இதுதான் என் முதல் ஊகம். பதினெட்டு நாள் குறித்திருக்கிறேன். கூரை நாற்பதைத் தாண்டிய பதினான்கு நாளும் சத்தம் உண்டு. மேகமூட்டமாக இருந்த நான்கு நாளும் இல்லை. ஆகவே ஊகம் சரி. ஆனால் மற்ற ஆறு வீடுகளில் அதே நேரத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கெல்லாம் கூரையில் நறுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இங்கே சுவரில், இரண்டு.

பூச்சு அடித்துக் கூரை குளிர்ந்துவிட்டால் இது நின்றுவிடும். நின்றால் காங்கிரீட்தான் என்று தெரிந்துவிடும். உங்களுக்கும் எனக்கும் நிம்மதி.

கோவிந்தராஜுலு


அந்தியூர்
9.3.2025

சாருக்கு,

ஏனுங்க சார், தட்டற சத்தம் சுவத்துல எந்த இடத்துல வருது? மேலயா, கீழயா? தரையில இருந்து எத்தனை உசரம்? நீங்க அளந்து சொல்ற ஆளு, அளந்து சொல்லுங்க.

அவ எந்த இடத்துல விழுந்து கிடந்தான்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லைங்க. உங்ககிட்டயும் சொல்லலை. மகளுக்குக் கூடத் தெரியாது. தூக்கிக் கட்டில்ல போட்டதுக்கப்பறந்தான் சத்தம் போட்டேன்; கட்டில்ல படுத்தபடிதான் போயிட்டான்னு சொல்லிவெச்சிருக்கறேன்.

கையெழுத்து இப்பச் சுத்தமா முடியாதுங்க. நின்னுபோயிரும்னு எழுதியிருக்கறீங்க. நிக்க வேண்டாம். தட்டுனா தட்டட்டும். காது மட்டும் கேட்டா நாளைக்கே பஸ் ஏறி வந்து உக்காந்துக்குவேன். கேக்கற காது உங்களுக்கு இருக்குது, எனக்காக நீங்க கேட்டுக்கிட்டு இருங்க.

மூர்த்தி


கோயம்புத்தூர்
16.3.2025

அன்பு அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்டபடி அளந்தேன். எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் வைத்துக் காதைக் கொடுத்து, ஐந்து நாள், இடம் மாற்றி மாற்றிக் கேட்டேன். சத்தம் தெளிவாக இருக்கும் இடம் தரையிலிருந்து பதினான்கு அங்குலம். சமையல் மேடை ஓரத்திலிருந்து இரண்டடி தெற்கே. தரையில் கிடக்கும் ஒருவரின் கை எட்டுகிற உயரம் என்பதை எழுதும்போதுதான் உணர்கிறேன்.

இதற்கு மேல் கையெழுத்துக் கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாங்கினால் அது திருட்டு.

போன வருஷம் ஏப்ரல் இருபத்துமூன்று. நீங்கள் சோமனூரில் தறிப்பட்டறையில் பகல் ஷிப்ட். மூன்று மணிக்குச் சுவர் இரண்டு முறை தட்டியது. மெதுவாகத் தட்டியது, அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வந்துவிடும் என்று அந்த வெயிலில் முப்பது நிமிஷம் நின்றேன். பாலுசாமி கூட மேலிருந்து "என்னங்க சார், குடத்தை வெயில்ல காயவெக்கறீங்களா" என்று கேட்டார். கோபமாக ஏறி வந்தேன். உங்கள் கதவைத் தாண்டித்தான் வந்தேன். தட்டி "என்ன அண்ணி, தண்ணியே வல்லை" என்று கேட்டிருக்கலாம். ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக் கதவைக் குறை சொல்லத் தட்டுவதா என்று கூச்சம். நான் எப்போதும் அப்படித்தான். உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுத்தேன்.

நான்கு மணிக்கு மறுபடியும் தட்டியது.

நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை ஏமாற வேண்டாம் என்று சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு நீங்கள் வந்து அலறியபோது முதல் ஆளாக ஓடிவந்தவன் நான். அதற்காக நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

படிவத்தின் இன்னொரு பிரதி வைத்திருக்கிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். பங்காரம்மா வீட்டில் நேற்றுக் கூரை நாற்பத்துமூன்று.

கோவிந்தராஜுலு


அந்தியூர்
26.3.2025

கோவிந்தராஜுலு சாருக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கறேன். சாவியும் உள்ள இருக்குது. பங்காரம்மாளுக்காகத்தான் போட்டேன். இன்னொரு பொம்பளை அந்தச் சூட்டுல கிடக்க வேண்டாம்.

மத்தியானம் மூணு மணிக்கே உசுரு போயிருக்கும், வேதனை தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. இத்தனை நாளும் அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் சோறு தின்னேன். நாலு மணிக்கும் தட்டுனான்னு நீங்க எழுதிப்போட்டீங்க. அந்த ஒரு மணி நேரத்தை இனி நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்?

உங்க மேல கோவம் இல்லைன்னு எழுதத்தான் நாலு நாளா உக்காந்தேன். எழுத வரலை.

ஃபேனை நீங்களே நிறுத்துங்க. இனிமேல் கடுதாசி போடாதீங்க.

ஈஸ்வரமூர்த்தி


கோயம்புத்தூர்
2.5.2025

அன்பு அண்ணாவுக்கு,

எழுதாதீர்கள் என்று சொல்லியும் எழுதுகிறேன். உங்கள் சாவி என்னிடம் இருக்கும்வரை அந்த வீட்டில் நடப்பதை உங்களுக்குச் சொல்லும் கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் ஐந்தாம் தேதி பூச்சு முடிந்தது. மொட்டை மாடியில் இப்போது வெறுங்காலோடு நிற்கலாம். பங்காரம்மாவின் தலைக்கு மேல் மூன்று மணிக்கு முப்பத்தைந்தைத் தாண்டுவதில்லை. "நோட்டுல எம் பேரை மறுபடி எழுதிக்கோங்க" என்றார். இந்தச் சித்திரையை அவர் தாண்டிவிடுவார் என்று நம்புகிறேன்.

உங்கள் ஃபேனை நிறுத்தினேன். ஸ்விட்சை அணைத்த பிறகும் வெகுநேரம் சுற்றியது. நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். புது ஃபேன் மாட்டியிருக்கிறார்கள். போடவில்லை. மீட்டர் நின்றுவிட்டது.

சுவரும் அடங்கிவிட்டது. பூச்சு அடித்த நாளிலிருந்து இருபத்திரண்டு நாள் மூன்று மணிக்கு டம்ளரோடு உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. மற்ற வீடுகளிலும் அந்த நறுக்கென்ற சத்தம் நின்றது. ஆகவே காங்கிரீட்தான். என் ஊகம் சரியென்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம்.

பூட்டிய வீட்டிலும் சூடு எவ்வளவு குறைந்தது என்று நித்யஸ்ரீ கேட்டிருந்தார். அதனால் ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி என் வீட்டைப் பூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் போனேன். மணி மூன்று. கூரை முப்பத்துநான்கு. எழுதினேன். பிறகு ஒரு யோசனை. இந்தப் பக்கமிருந்து தட்டினால் அது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. அந்த இடத்தில், தரையில் படுத்தேன். பதினான்கு அங்குலத்தில் கை சரியாக எட்டியது. இரண்டு முறை தட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம், என் வீட்டில், குடத்தோடு குடம் மோதுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. செருப்பு உங்கள் கதவைத் தாண்டிப் போய்ப் படியில் இறங்கியது.

சுவரைப் பிடித்து எழுந்தேன். வெளியே வந்தேன். என் வீடு பூட்டியபடி இருந்தது. திறந்து பார்த்தேன். இரண்டு குடமும் காய்ந்தபடி மேடையில் கவிழ்ந்திருந்தன. கீழே குழாயடியில் யாருமில்லை. பாலுசாமியிடம் யாராவது இறங்கினார்களா என்று கேட்டேன். "நீங்கதானுங்க சார் எறங்குனீங்க, குடத்தைத் தூக்கிக்கிட்டு. கூப்பிட்டாத் திரும்பல" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்று மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதனால் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். இன்றோடு ஐந்து நாள். மூன்று மணிக்குத் தட்டினால் ஒவ்வொரு நாளும் அவன் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறான். மூன்றரைக்கு ஏறி வருகிறான். உங்கள் கதவருகில் செருப்புச் சத்தம் கொஞ்சம் தயங்குகிறது. நான் உள்ளிருந்து கூப்பிட்டும் பார்த்தேன், என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன். போய்விடுகிறான்.

நான்கு மணிக்கு மறுபடி தட்டுகிறேன். பலமாகத்தான் தட்டுகிறேன். அந்தப் பக்கம் பாய் சரசரக்கிறது. திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

நாளையும் போய்த் தட்டுவேன், அண்ணா.

கோவிந்தராஜுலு