எந்த ஊர்க்காரி

ஜனவரி 27, வியாழன்

காலையிலிருந்து ஒரே ரவிக்கையைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். மனசு தையலில் இல்லை. மத்தியானம் பக்கத்து வீட்டு ஹைருன் பீவி மதினியைப் பார்க்கப் போனேன். இடுப்பில் தகடு வைத்து வந்த நாளிலிருந்து படுக்கைதான். ஓடைப் பாலம் மழையில் போனபின் தென்னந்தடியைப் போட்டுத்தான் எங்கள் தெருவே மெயின் ரோட்டுக்குப் போய் வருகிறது. அதில்தான் வழுக்கினாள். ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஆண்கள் தூக்கிப் போனார்கள். அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

பேரூராட்சித் தேர்தல் வருகிறது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மதினியின் மருமகள் நஸீபா, "நீங்க நில்லுங்கக்கா" என்றாள். தெருவுக்கு மனு எழுதுவதும் ஆபீசில் போய் நிற்பதும் நான்தானே, பிறகென்ன என்றாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் சபையில் யாரும் ஓட்டே போடமாட்டோம் என்று அவளுக்குத் தெரியாது. நமக்குக் குடியுரிமை பரலோகத்தில், இங்கே வழிப்போக்கர்கள் மட்டுமே. அம்மா சொல்லி வளர்த்தது. எனக்கு வாக்காளர் அட்டை இருப்பதே கேஸ் கனெக்‌ஷனுக்காகத்தான்.

ஜனவரி 28

ஜெபிக்க உட்கார்ந்தேன். பாலம்தான் நினைவில் வந்தது.

ஜனவரி 30, ஞாயிறு

எங்கள் சபை மூப்பர் ஏசுவடியான் பிரதர் இன்று அதையேதான் பேசினார். ரயிலில் போகிறவன் பெட்டிக்கு வெள்ளையடிப்பானா? இறங்கும் ஊரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சின்ன வயதிலிருந்து எனக்குப் பிடித்த உவமை. இன்று மட்டும் — பெட்டிக்குள் ஒருத்தி விழுந்து கிடந்தால்?

வரும் வழியில் இவரிடம் நஸீபா சொன்னதைச் சொன்னேன். பைக் ஓட்டிக்கொண்டே கேட்டார். இறங்கும்போது, சபையில் கேட்டுக்கொள் என்றார். தாம் என்ன நினைக்கிறார் என்று சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

பிப்ரவரி 1

முக்கு டீக்கடைக்காரன் கடற்கரை, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பெரிய கட்சிகள் ஆளை முடிவு செய்துவிட்டார்களாம். ஒருத்தி, கட்சிப் புள்ளி வீரபாகு அண்ணாச்சியின் மனைவி சங்கரேஸ்வரி. எங்கள் தெருவுக்குள் அவள் வந்தே நான் பார்த்ததில்லை. என்னை முன்மொழிந்து தானே கையெழுத்துப் போடுவதாகக் கடற்கரை சொன்னான். சபைக் கட்டுப்பாட்டை விளக்கினேன். கேலி செய்வான் என்று பார்த்தேன். செய்யவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

"அப்போ நீங்க இந்த ஊரு இல்லையாக்கா?"



பிப்ரவரி 2

நான் போய்க் கேட்பதற்கு முன்னால் ஏசுவடியான் பிரதரே வந்துவிட்டார். யார் சொன்னார்களோ. திட்டுவார் என்று நினைத்தேன். காபியைத் தள்ளி வைத்தார். பிறகு அவருடைய அண்ணனைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒரு அண்ணன் இருந்ததே எனக்கு இன்றுதான் தெரியும்.

"எலக்‌ஷன் அன்னைக்குப் பூத்துல உக்காந்தான். சாயங்காலம் வெட்டுப்பட்டுக் கெடந்தான். எந்தக் கட்சிக்காரனும் தூக்க வரல. சபைதான் வந்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்தச் சண்டை நம்ம சண்டை இல்லைன்னு."

நின்றால், சபையில் அப்பம் எடுக்கும் திருவிருந்தில் நான் பங்கெடுக்க முடியாது என்றார். சொல்லும்போது கண் கலங்கியது. என்னைச் சிற்றாற்றில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்த கை அது. அவரைக் கோபிக்க முடிந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்.

பிப்ரவரி 3

வேண்டாம்னு சொல்லிருவோம். யாராவது நிக்கட்டும். நா எதுக்கு? ஆண்டவரே, ஒரு வார்த்தை சொல்லும். நில்லுன்னாவது சொல்லும், நிக்காதன்னாவது சொல்லும். இப்படிச் சும்மா இருந்தா நா என்ன செய்ய?

பிப்ரவரி 4, வெள்ளி

மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். வேண்டாம் என்று சொல்லத்தான் காலையில் நஸீபா வீட்டுக்குப் போனேன். மதினியைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப்போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் நாற்காலி, மறுபடியும் தடி. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை மதினி கத்தவில்லை. வானத்தைப் பார்த்தபடி உதடு மட்டும் அசைந்தது. அவளும் அந்த ஊரைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. ஆனால் கால் என் கையில் நடுங்கியது.

அக்கரை சேர்ந்ததும் கடற்கரையை வரச்சொல்லி நேரே பேரூராட்சி ஆபீசுக்குப் போய்விட்டேன்.

இவருக்குப் போன் செய்து சொன்னேன். இவர் வேலை பார்க்கும் பெயிண்ட் கடையில் ஒரே சத்தம். "ம்" என்றார். வைத்துவிட்டார்.

பிப்ரவரி 6, ஞாயிறு

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பத் தட்டு பெண்கள் வரிசையில் ஒவ்வொரு கையாக வந்து, எனக்கு முந்தின வரிசையோடு திரும்பிப் போனது. ஆண்கள் பக்கம் இவர் வழக்கமான இடத்தில், முன்னால். எடுத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

எடுக்கட்டும். அவருக்கென்ன தடை. ஆனாலும் —

பிப்ரவரி 12

எனக்குத் தண்ணீர்க் குழாய் சின்னம். வராத குழாயைக் காட்டி ஓட்டுக் கேட்கிறோம் என்று நஸீபா சிரித்தாள். வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில், ஓட்டே போடாத ஆள் ஓட்டுக் கேட்டு வருதாக்கும் என்றார்கள். சரிதானே. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு மோர் கொடுக்கிறார்கள். இன்னொரு தெருவில் ஆரத்தி எடுத்தார்கள். நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. பாலத்துக்காக நிற்கிறேனா, இதற்காகவா?

பிப்ரவரி 19, சனி

ஓட்டுப் போட்டேன். விரல் மையைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றம் செய்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற கிழவி என் முதுகைத் தட்டி, வெயில் அதிகம், தள்ளி நிழலில் நில்லு தாயி என்றாள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றது ஏனோ பிடித்திருந்தது.

பிப்ரவரி 22

தோற்றுவிட்டேன். சங்கரேஸ்வரி ஜெயித்தாள். நஸீபா அழுதாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 27, ஞாயிறு

கூட்டம் முடிந்ததும் ஏசுவடியான் பிரதர் தனியாகக் கூப்பிட்டார். தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வாரமே திருவிருந்துப் பந்தியில் சேரலாம் என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தப்புன்னு சொன்னா, மதினி விழுந்தது ஒண்ணுமில்லன்னு ஆயிருமே. எப்படிச் சொல்ல?

மார்ச் 20

அதே கடைசி பெஞ்ச்.

ஏப்ரல் 21

சங்கரேஸ்வரி வீட்டுக்கு வந்திருந்தாள். பேரூராட்சிக் கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்றே தெரியவில்லையாம், வீட்டுக்காரர் எழுதிக் கொடுப்பதை வாசிக்கப் பிடிக்கவில்லையாம். அவளை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். சாயங்காலம் வரை இருந்தாள். பாலத்துக்கும் தெருவிளக்குக்கும் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

பரலோகம் என் ஊர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பிறகு ஏன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சபைக்குக் கிளம்பத் தயங்குகிறேன்?

மே 30

பாலத்துக்குக் கம்பி கட்டுகிறார்கள். மதினி வாக்கரைப் பிடித்து வாசல் வரை வந்து பார்த்தாள்.

ஜூன் 12, ஞாயிறு

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. சபைக்குப் போகும் வழியெல்லாம் வெளியூர்க் கார்கள். பைக்கை எடுக்காமல் குடையோடு நடந்தே போனோம்.

உள்ளே போனதும் இவர் முன்னால் போகவில்லை. ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில், எனக்கு நேராக வந்து உட்கார்ந்தார். இடம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாரோ என்று நினைத்தேன். தட்டு அவரிடம் வந்தது. தலையை அசைத்து வேண்டாம் என்றார். ஏசுவடியான் பிரதர் ஜெபத்தின் நடுவில் நின்றுபோனார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம். உங்களை யார் தடுத்தார்கள், எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று ரோட்டிலேயே கேட்டுவிட்டேன். குடையை விரித்துக்கொண்டே சொன்னார்:

"போற எடம் ஒண்ணுதான. நா மட்டும் முன்னால போயி என்ன செய்ய?"

நடந்தோம். தெரு முனையில் பின்வீட்டுப் பெண் வழிமறித்து, சாக்கடை அடைத்துக்கொண்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் யாரையும் பேசவிடமாட்டார், நாளைக்கு வாங்கம்மா என்பார். இன்று குடையை அவள் தலைக்கும் என் தலைக்கும் நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. போவோம் என்று ஜாடை காட்டினேன்.

"பேசி முடிச்சிட்டு வா" என்றார்.