ஒளித்து வைத்த மாத்திரைகள்

கோலார் தங்க வயல்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் எலைனுக்கு, அப்பா ஜெயகரன் எழுதுகிறேன். கர்த்தரின் தயவில் நானும் உன் அம்மாவும் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம். உனக்கு ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது, நர்ஸ் வேலை என்று நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே கண்ணு, நடுநடுவே உட்கார். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அவள் எதிரில் சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதற்கு முன் உன்னிடம் நான் மறைத்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் எனக்குச் சர்க்கரை இருநூற்று அறுபது என்று வந்ததும் நீ போனிலேயே அழுதாய் அல்லவா. அப்போதுதான் நம் குடியிருப்பு லைனில் இருக்கும் வாணி கம்யூனிட்டி ஹாலில் காலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு ஆரம்பித்தாள். நான் போகிறேன் என்றதும் உன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சபையில இருக்கிறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றாள். "சர்க்கரை இன்னா சபை பாத்தா வருது லூயிசா?" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் வாரம் வஜ்ராசனத்தில் மடக்கிய முட்டியை நிமிர்த்த இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. சவாசனத்தில் குறட்டை விட்டேன், வாணி எழுப்பினாள். ஆனால் அந்த மூச்சுப் பயிற்சி எனக்குச் சீக்கிரம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கி அந்த வெக்கையில் வேலை பார்த்தவனுக்கு மூச்சின் அருமை தெரியாதா. இரண்டு மாதத்தில் சர்க்கரை நூற்று முப்பதுக்கு இறங்கியது. அங்கேதான் உன் அப்பனுக்குத் தலைக்கனம் வந்தது. யோகாவே போதும், மாத்திரை எதற்கு என்று நானே முடிவு செய்தேன். அம்மா டிபனுக்குப் பிறகு எடுத்துத் தருவாள், வாயில் போடுவதுபோல் காட்டிவிட்டுக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஒருத்தருக்கும் தெரியாது.

மூன்று வாரம் அப்படிப் போனது. தாகம் எடுத்தது, யோகாவில் வேர்ப்பதால் என்று நினைத்தேன். அடிக்கடி ஒன்றுக்குப் போனேன், வயசு என்று நினைத்தேன். ஜனவரியில் ஒருநாள் வகுப்பில் ஒற்றைக்காலில் நின்றபோது கண் மங்கியது, அப்படியே விழுந்தேன். வாணி ஆள் அனுப்பி அம்மாவை வரவழைத்தாள், இருவருமாக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை நானூற்றுக்கு மேலே. பாதத்தில் ஒரு புண், எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை, வலியே இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டரம்மா கேட்டாள். "ஒருநாள் தவறாம நான்தான் குடுக்கிறேன் டாக்டர்" என்று உன் அம்மா அடித்துச் சொன்னாள். எனக்காக அவள் சத்தியம் செய்ததுபோல் இருந்தது. சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதைப் பிரித்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். வாணிதான் கண் கலங்கி, "மாத்திரைய நிறுத்துங்கன்னு நான் என்னைக்காவது சொன்னேனாண்ணா?" என்று கேட்டாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. "யோகா நல்லது, விடாதீங்க. ஆனா மாத்திரை ஒரு காலு, யோகா ஒரு காலு. ஒத்தக் கால்ல நின்னு விழுந்துதான் இங்க வந்திருக்கீங்க" என்றாள்.

ஐந்து நாள் படுக்கையில் இருந்தேன், உன்னிடம் எனக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னோம், மன்னித்துக்கொள். வீட்டுக்கு வந்தும் அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. டாக்டரம்மா சரி என்று சொல்லி நான் மறுபடி வகுப்புக்குக் கிளம்பிய அன்று வாசலில் உன் அம்மா பாயோடு நிற்கிறாள். "இனிமே உங்கள நம்பறதா இல்ல, நானும் வர்றேன்" என்றாள். அன்றிலிருந்து பக்கத்துப் பாயில்தான். மூச்சை இழுக்கும்போது மனசுக்குள் வேதாகமத்துச் சங்கீத வசனம் சொல்கிறாளாம். சவாசனத்தில் கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொள்கிறாள், வாணி பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுகிறாள். புண் ஆறிவிட்டது. எச்.பி.ஏ.ஒன்.சி என்கிறார்களே, அந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பத்திலிருந்து ஏழு புள்ளி நாலுக்கு வந்திருக்கிறது. களி உருண்டையில் பாதிதான் சாப்பிடுகிறேன்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். பிரசவத்துக்கு வா என்று நீ கூப்பிட்டபோது, குளிர் ஒத்துக்காது என்று அம்மா சொன்னாளே, அது பொய். "நான் போயிட்டா இவரு மாத்திரைய யாரு பாப்பாங்க" என்று வாணியிடம் சொன்னதை நானே கேட்டேன். நீ மெத்தையில் வலியோடு கிடக்கும்போது உன் தலைமாட்டில் அவள் இல்லாமல் போவதற்கு நான் காரணமாக இருக்கக் கூடாது. இந்த ஒரு மாதமாக மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன், அவள் எண்ணிப் பார்க்கிறாள், ஒன்றுகூடத் தவறவில்லை. குளித்ததும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். சமையலும் ஒருவாறு வருகிறது, ரசத்தில் மட்டும் இன்னும் புளி தூக்கிவிடுகிறது. அவள் அங்கே இருக்கும் நாளெல்லாம் வகுப்புக்குப் போவேன், வாணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் எடுத்துப் பார்த்தேன், இன்னும் நாலு வருஷம் செல்லும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு போன் செய்யும்போது இன்னொரு தடவை அவளைக் கூப்பிடு கண்ணு. அவள் மறுத்தால், "அப்பாகிட்ட போனைக் குடு" என்று சொல். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் அன்பு அப்பா,
ஜெ. ஜெயகரன்