கம்ப்யூட்டரைக் குறை சொல்ல இனி வழியில்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் எழுதுகிறேன், அதில் எவ்வளவு உண்மை என்பதைப் படித்து முடித்ததும் நீயே முடிவு செய்துகொள். உன் நலத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய், தலைமுடியையும் ஒழுங்காக வெட்டியிருக்கிறாய், நல்லது. நீ கேட்ட சான்றிதழ்களின் அசல்கள் இத்துடன் வருகின்றன, மடக்கக் கூடாதென்று அட்டை வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கத்தரிக்கோலை ஓரமாகப் பிடி. அசல் எதற்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னும் ஒரு வருஷத்தில் திரும்பி வருகிறவனுக்கு நகல் போதும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அப்பாவிடம், ஆபீஸில் கேட்டிருப்பார்கள் என்று சொல்லி வைத்தேன். போன் இருக்கும்போது எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். உறையில் இடம் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பின்னால் வரும்.

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் புது அதிகாரி வந்திருக்கிறார். தண்ணீரைக் குப்பியோடு ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, தெளிவாத்தானே இருக்கு, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க மேடம் என்கிறார். மூன்று தடவை அளக்காமல் நான் எதையும் எழுதுவதில்லை என்று உனக்குத் தெரியும், அவருக்கு இப்போதுதான் தெரியத் தொடங்கியிருக்கிறது. மாடி வீட்டுக்காரம்மா படியில் பார்க்கும்போதெல்லாம் பையன் எப்ப வர்றான் என்று கேட்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் போலாகிவிட்டது. அப்பாவின் கண்ணைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை சொன்னேன், இரண்டு முறையும் நல்ல டாக்டராகப் பாருங்கம்மா என்றாய். பார்த்துக்கொண்டிருப்பது நல்ல டாக்டர்தான். அவர் ஒரு தாளில் வட்டம் போட்டு நடுவில் பென்சிலால் கறுப்பாகத் தேய்த்துக் காட்டினார். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதிதான் போகிறது, ஓரங்கள் அப்படியே இருக்கும். எதிரில் ஒருவர் நின்றால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை படிந்தாற்போல் இருக்குமாம், அவருக்குப் பக்கத்தில் இருக்கும் கதவும் சுவரும் நன்றாகத் தெரியுமாம். ஊசி போட்டு மேற்கொண்டு போகாமல் பிடித்து வைக்கலாம், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெளியே வந்ததும் அப்பா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மிச்சம் இருக்கறதுக்குள்ள அவனை ஒரு தடவை கிட்டத்துல வெச்சுப் பாத்துடணும்." அதற்குப் பிறகு கண்ணைப் பற்றி அவர் பேசவில்லை. நீ வரும்வரை பெரிய மானிட்டரில் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டார். போனில் உன் முகம் கட்டை விரல் அளவுதான் இருக்கிறது, அது முழுவதும் அந்தப் புகைக்குள் போய்விடுகிறது. நீ கல்லூரியில் சேர்ந்தபோது அவரும் நீயும் தரையில் உட்கார்ந்து பூட்டிய கம்ப்யூட்டர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நாங்கள் உட்காருவது அதனால்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் கொடுத்த பாடு உனக்கே தெரியும். நான்கு நிமிஷம் ஆகும் திறப்பதற்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிடும், உன் வாய் பாதி திறந்தபடி நிற்கும், குரலும் வராது, பிறகு எல்லாம் மூடிக்கொள்ளும். முதலில் அது உண்மையாகவே நின்றது, அதை நான் மறுக்கவில்லை. நீதான் சொன்னாய், "இங்க ஒண்ணும் இல்லப்பா, உங்க சிஸ்டம்தான். அது பழைய ஹார்ட் டிஸ்க். ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்க, பறக்கும்." சொன்னவன் மறந்திருப்பாய். அவர் மறக்கவில்லை. காலண்டரின் பின்பக்கத்தில் உள்ளங்கை அளவு எழுத்தில் எஸ்.எஸ்.டி. என்று எழுதி வைத்து, மறுநாளே நீயும் உன் கூட்டாளிகளும் 'நாளைக்கு' என்று பட்டப்பெயர் வைத்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய் நின்றார். எதைக் கேட்டாலும் நாளைக்கு வாங்க என்கிற அந்த மனிதர் இவரைப் பார்த்து அன்றைக்கே எடுத்துக் கொடுத்தார். புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாமே என்று நான் கேட்டதற்கு, "எதுக்கு மேடம்? மத்ததெல்லாம் நல்ல பார்ட்ஸ், பையன் பொறுக்கித்தான் வாங்கியிருக்கான். இது ஒண்ணைப் போட்டா போதும்" என்று என்னையே மடக்கினார். வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்று சொன்னதற்கு மட்டும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருஷம் பாக்டரி டூல் ரூமில் இருந்தவன், இதையும் இன்னொருத்தர் கையில் கொடுப்பேனா என்றார்.

அது எவ்வளவு சின்னது என்று பார்த்து எனக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை, சோப்பு டப்பாவின் மூடி மாதிரி இருக்கிறது, உள்ளே சுழல்வது எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. பழைய டிஸ்க்குக்காகச் செய்த அறையில் அது பொருந்தவில்லை. ஒட்டு டேப் வைத்து ஒட்டிவிடலாம் என்று கடைக்காரர் போனில் சொன்னாராம், இவருக்கு அது கேவலமாகப் பட்டது. ஒரு அலுமினியத் தகட்டை எடுத்து, அளந்து, வெட்டி, பின்கட்டில் உட்கார்ந்து அரை நாள் அரம் போட்டு ராவி, நான்கு ஓட்டை போட்டு, ஒரு தாங்கியே செய்துவிட்டார். எல்லாம் விரலால்தான். ஓட்டை நேராக இருக்கிறதா என்று கட்டை விரலால் தடவிப் பார்க்கிறார், பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு. சி.பி.யு. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம், உள்ளே ஒரு விரற்கடை தூசி, அதைத் துடைத்தால் நீ பதினெட்டு வயதில் உள்பக்கம் ஒட்டிய புலிப் படம். நான் டார்ச் பிடித்தேன். கேபிள் முனையில் ஒரு மடிப்பு இருக்கிறது, அது எந்தப் பக்கம் போகவேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் நகத்தால் தேடிக் கண்டுபிடித்துச் செருகினார். ஒன்று டேட்டாவுக்கு, ஒன்று கரண்டுக்கு. பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அப்படியே புதியதில் நகலெடுக்க நான்கு மணி நேரம் ஓடியது. முக்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை, தலையை ஒருக்களித்துக் கடைக்கண்ணால் சதவீதம் படித்துக்கொண்டே இருந்தார், நாற்பத்தொண்ணு, நாற்பத்தொண்ணு, இன்னும் நாற்பத்தொண்ணு என்று எனக்குச் செய்தி வாசித்தபடி. பிறகு முதலில் புதியதிலிருந்து திறக்கும்படி மாற்றி வைத்தோம், பழையதைக் கழற்றவில்லை, உன் படங்கள் அதிலேயே இருக்கட்டும் என்றார். நான் மூன்று தடவை அணைத்துப் போட்டு நேரம் பார்த்தேன். பதினாறு விநாடி, பதினைந்து, பதினாறு. அதுவும் போதாதென்று மாடி வீட்டுக்காரம்மாவைத் தன் போனிலிருந்து கூப்பிடச் சொல்லி வீடியோவை அரை மணி நேரம் ஓடவிட்டேன். அந்த அம்மா நாங்கள் இருப்பதையே மறந்து வீட்டைக் கூட்டினார், வீட்டுக்காரரை இரண்டு வாங்கு வாங்கினார், ஒரு இடத்திலும் படம் நிற்கவில்லை. அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "இந்தப் பய இனிமே கம்ப்யூட்டர் மேல பழி போட முடியாது" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

உனக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், அவனே பார்த்து அசந்து போகட்டும் என்பது அவருடைய ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பத்தரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். நீ வந்தாய். சாப்பாடு, வேலை, அங்கே குளிர், இங்கே வெயில், எல்லாம் எப்போதும் போல. ஆறாவது நிமிஷம், எஸ்.எஸ்.டி. விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் மற்றதைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "அப்புறம் எப்படா வர்றே? ஒரு வாரம் போதும், வந்துட்டுப் போயிடு" என்றார். நீ நின்றுபோனாய். வாய் பாதி திறந்தபடி, கண் கொஞ்சம் கீழே பார்த்தபடி, பழைய டிஸ்க் உன்னை எப்படி நிறுத்தி வைக்குமோ அச்சு அசல் அப்படியே. குரலை எப்போது அணைத்தாய் என்று தெரியவில்லை, அதுவும் சுத்தமாக இருந்தது. ஆனால் உனக்குப் பின்னால், படத்தின் வலது ஓரத்தில் உன் ஜன்னல் இருந்தது. வெளியே அப்போதுதான் மழை பிடித்தது. ஒரு மனிதர் பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து வந்தார், நடுவில் நின்று குடையைக் கை மாற்றிக்கொண்டார், மறுபக்கம் நடந்து போனார். நீ ஒரு தடவை கண் சிமிட்டினாய். பழக்கதோஷம், மூலையில் கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பத்தெட்டு விநாடி நீ பொம்மையாக இருந்தாய். அப்பா முன்னால் சாய்ந்து பார்த்தார், பிறகு பின்னால் சாய்ந்து, நின்னுடுச்சு என்று சொல்லி, மௌஸைத் தடவி எடுத்து அவரே மூடினார். இரண்டு நிமிஷத்தில் உன் செய்தி வந்தது, சிஸ்டம் ஹேங் ஆகுது, அடுத்த வாரம் பேசலாம், எஸ்.எஸ்.டி. போடச் சொன்னேனே என்று. கடைசி வரியை விட்டுவிட்டு மற்றதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ரேம் பத்தலை போலிருக்கு, 'நாளைக்கு'கிட்ட கேக்கணும் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாற்றப் போய்விட்டார். அவருக்கு உன் முகம் தெரிந்திருக்காது, அதனால் நீ கண் சிமிட்டியதும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். அந்த நோய்க்கு நான் நன்றி சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான்.

எனக்கு இருக்கிற சந்தேக புத்தி உனக்குத் தெரியும். அன்றிலிருந்து பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன், இந்த ஒன்றரை வருஷத்தில் எந்த ஞாயிறு உண்மையில் நின்றது, எந்த ஞாயிறு நீ நிறுத்தினாய் என்று. தெளிவாக நினைவுக்கு வருவது, பல தடவை அது ஒரே கேள்வியில்தான் நின்றது. அப்போதெல்லாம் நான் அந்தப் பெட்டியைக் கையால் தட்டியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். பாவம், அதற்குத் திருப்பிச் சொல்ல வாயில்லை. வர முடியாது என்று நீ சொல்லியிருக்கலாம். வர மனம் இல்லை, அங்கேயே இருந்துவிடப் போகிறேன், அதற்குத்தான் அசல் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம், நான் அழுகிற ஆள் இல்லை. ஏதாவது ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அவர் கேள்விக்கு ஒரு பதில் என்று ஆகியிருக்கும். உன் முகத்தைப் பார்க்க அரை நாள் அரம் போட்டவர் முன்னால் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இதை வீடியோவில் சொன்னால் நீ மறுபடி நின்றுபோகலாம். கடிதம் பாதியில் நிற்காது, நீ மடித்து வைத்தாலும் உள்ளே எழுதியது எழுதியபடி இருக்கும், காரணம் அதுதான்.

மேலே உள்ளதை நேற்று மதியம் பரிசோதனைக் கூடத்தில் என் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்று இன்று காலையில் உறையை எடுத்து வைத்தபோது அப்பா வந்து பக்கத்தில் நின்றார். அவனுக்கு ஏதும் எழுதி வைக்கிறாயா என்று கேட்டார். இரண்டு வரி என்றேன். உறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அங்க மழை காலம் போலிருக்கு. வெளிய போகும்போது குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு. அவன் மறந்துட்டுப் போற ஆளு" என்றார். மழையைப் பற்றி அன்றைக்கு நீ சொல்லவில்லை, குளிர் என்றுதான் சொன்னாய். நானும் சொல்லவில்லை. நீ பேசிக்கொண்டிருந்தவரை அந்த ஜன்னலில் மழையே இல்லை. டாக்டர் போட்ட வட்டம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, நடுவில் மட்டும்தான் பென்சில், ஓரமெல்லாம் வெள்ளை. ரேம் வாங்கணும்னீங்களே என்று கேட்டேன். கேக்கணும், கேக்கணும் என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. அவர் எனக்காகச் சொல்லவில்லை, நான் அவருக்காகச் சொல்லவில்லை, இப்படித்தான் இங்கே நாங்கள் நலம்.

நீ எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், நாலு பேர் முகத்தை நேராகப் பார்க்கிறவனாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் அவ்வளவுதான். அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அதை அவர் நிறுத்தி வைக்கிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்போம், கம்ப்யூட்டர் பதினாறு விநாடியில் திறந்துவிடும். அவர் மறுபடியும் அதையேதான் கேட்பார். குடையை மறக்காதே.

உன் அம்மா