அந்தோணியின் படகில் ஒரு கேரம் ஆட்டம்

பிப்ரவரி 12, வியாழன். இரவு.

டீசல் விலை பற்றி எழுதத்தான் காசிமேடு போனேன். அதை இன்னும் எழுதவில்லை.

விசைப்படகு டிரைவர் அந்தோணி, படகின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஒரு சின்ன டிவியை மாட்டியிருந்தார். கேரம் இறுதிப் போட்டியில் அவர் மகள் ஸ்டெல்லா ஆடியதை உள்ளூர் சேனலில் போட்டார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் வோல்டேஜ் இறங்கி டிவி அணைந்துவிடும். அதனால் செய்யவில்லை. வரிசையில் வெளிப்பக்கம் கட்டியிருந்தது அவர் படகு. அது நகராமல் உள்ளே நிற்கும் மூன்று படகுகளும் கடலுக்குப் போக முடியாது.

"இன்னா நைனா, படகுல சினிமா கொட்டா போட்டுகினு கீறியா?" என்று பக்கத்துப் படகு குமார் கத்தினார்.

"எம்பொண்ணு ஆடுது மாமு. பத்து நிமிசம்."

குமார் திட்டிக்கொண்டே தாவி வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

ஆட்டம் நேற்றே முடிந்துவிட்டது. செய்தி எழுதியவன் நான். அந்தோணியின் காதருகே குனிந்து, "இது நேத்து ஆட்டம்..." என்று தயங்கினேன்.

"தெரியும் சார், தோத்துட்ச்சு. நைட்டெல்லாம் வூட்ல ஒரே அழுவ." கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அது ஆடி நான் பாத்ததே இல்ல சார். எப்பவும் கடல்லயே கீறேன்."

ஸ்டெல்லா சிவப்புக் காயைப் பக்கவாட்டில் அடித்துக் குழியில் தள்ளினாள். நாலு படகு ஆட்களும் விசிலடித்தார்கள். அந்தோணி கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். டிவி அணைந்தது.

நேற்றைய என் செய்தியை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஸ்டெல்லா தோற்றாள் என்று இருக்கிறது. அந்தச் சிவப்புக் காய் இல்லை.