கஜானி மார்க் மிளகாய்த்தூள்

அல் ஐன்
11.02.2006

அன்பின் கஜானிக்கு,

இங்கே எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. நீரும் மகளும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மில்லில் இரண்டாவது மெஷினும் பூட்டியாயிற்று. கொத்தமல்லி வறுபடுகிற வாசத்துக்கு உம்முடைய ஞாபகம்தான் முதலில் வருகிறது. நான் போனில் கூப்பிட்டால் நீர் எடுப்பதில்லை. அருணாவும் "அப்பா, டியூஷனுக்கு லேட்" என்று வைத்துவிடுகிறாள். குறை சொல்லவில்லை, மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

இன்னொரு சின்ன விஷயம். அந்த நாளில் நான் கட்டிடக் கம்பனி விசாவில் இருந்தபடியால், நம்முடைய தூளின் ட்ரேட்மார்க்கை உம்முடைய பெயரில் அபுதாபி அமைச்சில் பதிந்தோம் அல்லவா? பதிவுக்குப் பத்து வருட ஆயுள். வருகிற ஓகஸ்டில் முடிகிறது, அதற்குள் புதுப்பிக்க வேண்டும். முதலில் என் பெயருக்கு மாற்றிவிட்டுப் புதுப்பித்தால் உமக்கு அலைச்சல் இல்லை என்று சட்டத்தரணி சொல்கிறார். தாள் இணைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடும். திகதி எழுத வேண்டாம், அதை இங்கே போட்டுக்கொள்வார்கள்.

என்றும் உம்முடைய,
தயாபரன்

*

ஈசா டவுன்
02.03.2006

அன்புள்ள அருணாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அருணா கணக்கில் வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள்.

நான் பஹ்ரைன் வந்து மூன்று வருடமாகிறது. இதுவரை நீங்கள் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது கொத்தமல்லி வாசத்தோடு கடிதம் வருகிறது, அதற்குள் ஒரு தாளும் இருக்கிறது. எங்கள் அலுவலகத்துச் சட்டத்தரணியிடம் அதைக் காட்டினேன். புதுப்பிக்கிறதுக்குப் பெயர் மாற்றத் தேவையே இல்லையாம். உரிமையாளர் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் போதுமாம். "திகதி இல்லாத தாளில் ஏன் கையெழுத்துக் கேட்கிறார்?" என்று அவர் என்னைக் கேட்டார். அதை நான் உங்களிடம் கேட்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மனாமாவில் குதைபியாப் பக்கம் ஒரு கடையில் நம்முடைய தூளைக் கண்டு வாங்கினேன். பெயர் என்னுடையது. பைக்கற்றில் இருக்கிற முகம் என்னுடையது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. நாம் முதலில் போட்ட என் படத்தின் சிரிப்பைக் காணவில்லை, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு எரிகிறது. கடைக்காரர் என்னையும் பைக்கற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவங்க உங்க அக்காவா?" என்றார்.

வீட்டுக்கு வந்து மில்லுக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் எடுத்தாள். "நான் கஜானி கதைக்கிறன்" என்றதும் ஒரு சத்தம் போட்டு வைத்துவிட்டாள். யார் அவள்? பைக்கற்றில் இருக்கிறது அவளுடைய முகமா?

கஜானி

*

அல் ஐன்
19.03.2006

அன்பின் கஜானி,

உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனை இப்படியா நினைப்பது?

போன் எடுத்தது ஜன்னத்துல் ஃபிர்தௌஸ். கீழக்கரைப் பிள்ளை, இங்கே பைக்கற் போடுகிறாள். அவளுடைய புருசனும் இங்கேதான் லொறி ஓட்டுகிறார். லைன் சரியில்லாமல் வைத்திருப்பாள். படம் அச்சகத்தில் திரும்ப வரைந்தது. விளக்கு வைத்தால் மங்களகரமாக இருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள், நானும் சரி என்றேன்.

என் விசாவுக்குப் பொறுப்பான அரபுக் கபில், மக்தூம், புது மில் போடப் பணம் தருவதாக இருக்கிறார். அதற்கு ட்ரேட்மார்க் என் பெயரில் இருக்க வேண்டும் என்கிறார். அவ்வளவுதான் விஷயம். மில்லுக்கு இனிப் போன் எடுக்க வேண்டாம், வேலை கெடுகிறது. என் மொபைலுக்கு எடும்.

உம்முடைய,
தயாபரன்

*

ஈசா டவுன்
10.05.2006

அருணாவின் அப்பாவுக்கு,

போன கிழமை எங்கள் அபுதாபிக் கிளையில் எனக்கு வேலை இருந்தது. முடிந்ததும் டாக்ஸி பிடித்து அல் ஐன் மில்லுக்கு வந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று நீங்கள் மில்லை விட்டு அசைந்திருக்க மாட்டீர்கள்.

ஃபிர்தௌஸ்தான் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்க... கஜானி அக்காவா?"

"ஓம்."

"நீங்க மௌத்தாயிட்டீங்க, எறந்து போயிட்டீங்கன்னுல்ல அண்ணன் சொன்னாரு? வியாழக்கிழமை தவறாம உங்க ஃபோட்டோவுக்கு ஊதுபத்தி கொளுத்துறாரே அக்கா."

உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கள் கலியாணப் படத்தில் என்னை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு மாலை போட்டிருக்கிறீர்கள். அப்போதுதான் அந்தக் குத்துவிளக்கு எனக்கு விளங்கியது.

நான் இன்னொருத்தியைத் தேடி வந்தவள். அப்படி ஒருத்தி இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன். இங்கே மாலையோடு இருந்தது நானே. கடைசியில் "மகளைப் பற்றி என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "புள்ள இல்லைன்னுதான் சொன்னாரு."

கஜானி

*

அல் ஐன்
23.05.2006

கஜானி,

நீர் சொல்லாமல் வந்திருக்கக் கூடாது. ஃபிர்தௌஸுக்கு அன்றிலிருந்து காய்ச்சல். அவளை ஒருவரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீர் போன பிறகு ஆட்கள் கேட்டார்கள். மனிசி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? நீர் தவறிவிட்டதாக ஒருவரிடம் சொன்னேன், பிறகு எல்லோரும் துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளை இருக்கிறது என்றால் எங்கே என்று கேட்பார்கள். வேறு வழி இருக்கவில்லை.

மக்தூமுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் மரணச் சான்றிதழ் கேட்கிறார். நீர் உயிரோடு இருக்கும்போதே எனக்கு எழுதித் தந்ததாக மூன்று வருடத்துக்கு முந்திய திகதி போட்டால், சான்றிதழ் தேவைப்படாது. ஒருவருக்கும் நட்டமில்லை. ஓகஸ்ட் கிட்ட வந்துவிட்டது. தயவுசெய்து கையெழுத்துப் போடும். இன்னொரு முறை அல் ஐன் பக்கம் வர வேண்டாம்.

தயாபரன்

*

ஈசா டவுன்
04.08.2006

திரு. தயாபரன் அவர்களுக்கு,

ட்ரேட்மார்க் புதுப்பித்தாயிற்று. மனாமாவில் எமிரேட்ஸ் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி, அபுதாபியில் ஒரு ஏஜெண்டுக்கு அதிகாரம் கொடுத்து, என் சம்பளத்தில் கட்டணம் கட்டினேன். இன்னும் பத்து வருடத்துக்கு அது என்னுடையது. உங்கள் தாளைக் கிழித்துவிட்டேன்.

"போறதெண்டால் போம், நீர் இல்லாமலும் தூள் விக்கும்" என்று நீங்கள் சொன்ன அன்றுதான் நான் வெளிக்கிட்டேன். ஒருநாள் வந்து கூப்பிடுவீர்கள் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் விவாகரத்துக்குப் போடாமல் இருந்தேன். போன மாதம் போட்டுவிட்டேன். என் புதிய பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் இல்லை, என் அப்பாவின் பெயர் இருக்கிறது. ட்ரேட்மார்க் பதிவேட்டிலும் உரிமையாளர் பெயரை அப்படியே திருத்தச் சொல்லிவிட்டேன்.

மக்தூமோடு நானே போனில் கதைத்தேன். நான் யார் என்று சொன்னதும் அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார். உங்களைப் பற்றி அவர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மில்லில் வேலை செய்கிற சனம் உங்களை நம்பி இருக்கிறது. அதனால் பெயரைப் பாவிக்க உங்களுக்கு ஒரு வருட அனுமதி தருகிறேன், கடிதம் ஏஜெண்ட் அனுப்புவார். பதிவில் இருக்கிற படம்தான் பைக்கற்றில் வர வேண்டும், விளக்கு இல்லாமல். பதிவில் ஒன்றும் பைக்கற்றில் வேறொன்றுமாக இருந்தால் பதிவுக்கே கேடு என்று இங்கே சொல்கிறார்கள்.

அருணாவுக்கு இவை எதுவும் தெரியாது. டிசம்பர் லீவில் அல் ஐன் வந்து உங்களோடு நிற்க ஆசைப்படுகிறாள். மில்லுக்கும் வர வேண்டுமாம். ஃபிர்தௌஸ் "இது யாரு அண்ணன்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதை வாசித்த பிறகுதான் அருணாவுக்கு டிக்கட் எடுப்பேன்.

கஜானி அரியரத்தினம்