சூடு தெரியாத விரல்

1954 ஜூலை 5, திங்கள்
மேல்காத்து. வீடெல்லாம் புழுதி. பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போற அவசரத்துல உலைப்பானையை இறக்கினேன். தீஞ்ச வாடை. சோறுன்னு நினைச்சேன். பார்த்தா என் இடது சுண்டுவிரல். பானையோட ஒட்டிக் கிடக்கு. கொப்புளம். வலி? இல்லவே இல்லை.
வாங்க: புளி, விளக்குத்திரி, மக செல்விக்கு ரிப்பன்.

6, செவ்வாய்
அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி ஊசியால குத்தினாங்க. சுண்டுவிரல்ல ஒண்ணும் தெரியல. முழங்கை மடிப்புக்குப் பின்னால அமுக்கினாங்க. கயிறு மாதிரி தடிச்ச நரம்பு. கையில தேமல்னு நான் விட்டிருந்த வெளுப்பையும் பார்த்தாங்க.
"சூடு பட்டா கை தானா இழுத்துக்கும்மா. மூளைக்குத் தெரியறதுக்கு முன்னாலயே முதுகுத்தண்டு உத்தரவு போட்டுரும். உனக்கு விரல்ல இருந்து சேதியே கிளம்பல."
குஷ்டம். ஆரம்பம்தானாம். மாத்திரை உண்டு, வருஷக்கணக்கா சாப்பிடணும், குணமாகும். உனக்கு வந்திருக்கிற வகை அடுத்தவங்களுக்குத் தொத்தாது, பிள்ளையைத் தள்ளி வைக்க வேண்டாம்னும் சொன்னாங்க. ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன்.
சாயங்காலம் அவுக பருத்தி ஜின்னிங் பாக்டரியில இருந்து வந்ததும் ஒண்ணு விடாம சொன்னேன். அழுதேன். தலையைத் தடவிவிட்டாக. "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. எங்க அக்காகிட்டகூட மூச்சு விடமாட்டேன்." அதுக்கப்புறம்தான் சாப்பிடவே முடிஞ்சுது.

8, வியாழன்
வாசுதேவநல்லூர்ல அவுக அக்காவுக்கு நம்ம பிள்ளையைப் பார்க்கணும்னு ஏக்கமாம். செல்வியைக் கூட்டிட்டுப் போனாக. ரெண்டு நாள்ல வந்துருவோம்னாக. எனக்கும் ஓய்வுன்னு நினைச்சேன். மனுஷன் எவ்வளவு யோசிக்காரு.
மாத்திரை சாப்பிட்டாச்சு. லேசா தலைசுத்தல்.

9, வெள்ளி
டீச்சர்கள் ரூம்ல பானைத்தண்ணி மோந்து குடிக்கப் போனேன். மூணாம் வகுப்பு டீச்சர் டம்ளரை எடுத்து வச்சுக்கிட்டாங்க. முகத்தைப் பார்க்காமலே சொன்னாங்க: "தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் புதன்கிழமையே எங்க வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதாராம்."
புதன்கிழமை. நான் சொன்னதுக்கு மறுநாளே.
நெஞ்சு அடிச்சுக்கிட்டு. வாய் வறண்டு. உள்ளங்கை வேர்த்து. தீ வச்சா தெரியாத உடம்பு, ஒரு சொல்லுக்கு இந்தப் பாடு படுது. யாரைக் கேட்டு இதெல்லாம் நடக்கு?
ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு லீவு எழுதித் தரச் சொன்னாங்க. தரல. டாக்டரம்மாவைக் கேட்டுட்டு சொல்லுங்கன்னேன்.

10, சனி
அவுக வரல. ஆளும் அனுப்பல. பக்கத்து வீட்டுக்காரி எங்க துணி படாம அவ துணியைக் கொடியில தள்ளிப் போட்டிருக்கா. சாப்பாடு இறங்கல.

11, ஞாயிறு
காலை பஸ். புளியங்குடியில எலுமிச்சை மூட்டை ஏத்த நேரமாச்சு. வாசுதேவநல்லூர் வரைக்கும் என்ன பேசணும்னு யோசிச்சேன். வாசல்ல அவுகளைப் பார்த்ததும் எல்லாம் போச்சு.
சொன்ன வாக்கு என்னாச்சுன்னு கேட்டேன். பிள்ளைக்காகத்தான், நான் ஒருத்தன் எப்படித் தாங்குவேன்னாக.
"வியாதி பேரை எல்லார்கிட்டயும் சொன்னீக. குணமாகும், தொத்தாதுன்னு சொன்னேன்லா, அதை மட்டும் ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"
தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாக. அழுவாகன்னு நினைச்சேன், அழல.
செல்வி உள்ள இருந்து ஓடி வந்தா. அவுக அக்கா நிலைவாசலை மறிச்சு நின்னா. நான் நேரா நடந்தேன். கிட்டப் போனதும் விலகிட்டா. தொட பயம். அந்தப் பயத்துலதான் எனக்கு வழி கிடைச்சுது. பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டேன். அவுக பின்னால வரல, கூப்பிடவும் இல்லை.
பஸ்ல மடியிலயே தூங்கிட்டா. வீட்டுக்கு வந்ததும் பசிக்குதுன்னா.
ரெண்டு பேருக்குத்தான் உலை வச்சேன்.