வருகிறேன் என்றவர்கள் வந்த சந்து

என் அருமைத் தங்கை அலமு,

நீ இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தபால்தலை ஒட்ட வேண்டும் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன். படிக்கிறவர்களில் வயதானவர்கள் பலர். யாராவது ஒருவர் சீக்கிரமே அங்கே வரக்கூடும். அவர் சொல்லித் தெரிந்துகொள்.

உன் பெண் பட்டு சௌக்கியமாக இருக்கிறாள். இதை எழுத எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று.

உன்னை டோலியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று வாசலில் நின்ற குழந்தையிடம் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "போயிட்டு வரேண்டி கண்ணு" என்றாய். நம்மில் யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, அது அபசகுனம். அவ்வளவு காய்ச்சலிலும் நீ வழக்கத்தை விடவில்லை. ஆனால் நாலு வயதுக் குழந்தைக்கு வழக்கம் எங்கே தெரியும்? வார்த்தைதான் தெரியும்.

அவள் காத்திருந்தாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். யாராவது "போயிட்டு வரேன்" என்று எழுந்தால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். அழுகை இல்லை, சத்தம் இல்லை, பிடி மட்டும்தான். நான் கார்டன் ரீச் ஆபீசுக்குக் கிளம்புவதே தினமும் ஒரு மல்யுத்தம் ஆயிற்று. அவள் தூங்கும்போது நழுவிவிடுங்கள் என்று நம் உறவினர் யோசனை சொன்னார்கள். அருமையான யோசனை. குழந்தை தூங்குவதையும் விட்டுவிட்டாள்.

டாக்டர் நரம்பில் குறை கண்டார், டானிக் கொடுத்தார். ஜோசியர் சனியிடம் குறை கண்டார், எள் கேட்டார். "சின்னக் குழந்தைக்கு என்ன தெரியும், தானா மறந்துடும்" என்று நம் சங்கத்துப் பெரியவர் தைரியம் சொன்னார். மனசு என்பது மீசையைப்போலப் பிற்பாடு முளைக்கிற ஒன்று என்பது படித்தவர்களின் கொள்கை. நானும் படித்தவன்தானே, தலையாட்டினேன்.

எதிர்வீட்டு வங்காளி அம்மாளை உனக்குத் தெரியும். மாஷிமா, அதாவது பெரியம்மா என்று சந்து முழுவதும் கூப்பிடுகிறதே, அவர்தான். நீ போனது முதல் மத்தியானங்களில் பொரியை மடியில் கட்டிக்கொண்டு வந்து பட்டுவின் பக்கத்தில் உட்காருவார். கிளம்பும்போது அவர்கள் வழக்கப்படி "ஆஷி" என்பார். வங்காளிகள் நம்மைவிட ஒரு படி மேலே. நாம் போய்விட்டு வருவதாகவாவது சொல்கிறோம். அவர்கள் போகிற பேச்சையே எடுப்பதில்லை. 'வருகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒரு நாள் அவர் அப்படிச் சொல்லிப் படியிறங்கியபோது பட்டு வாயைத் திறந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அதுதான்.

"மாமி, மாஷிமா வரேன்னு சொல்லிண்டே போறா. பொய்."

உன் மன்னிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் மாடியிலிருந்தே அதைக் கீழே சொல்லிவிட்டாள். மாஷிமா திரும்பினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிவந்து, குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, "வந்துட்டேன், பார்த்தியா?" என்றார். கொஞ்சம் இருந்து மறுபடி "ஆஷி" என்றார். இறங்கினார். மறுபடி ஏறிவந்தார்.

"மாஷிமா, உங்க முட்டி வலி!" என்று மன்னி பதறினாள்.

"முட்டி என்னுது. நீ போய் உன் குழம்பைப் பாரு" என்றார் அவர். வங்காளத்தில் இதில் இன்னும் காரம் அதிகம்.

அலமு, மறுநாள் நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. பால்காரன் பாலை ஊற்றிவிட்டு, பட்டுவைப் பார்த்து "ஆஷி" என்று சொல்லிப் போனவன், சந்து முனையிலிருந்து திரும்பிவந்து முகத்தைக் காட்டினான். மிட்டாய்க் கடைக்காரர் வந்தார். டிராம் கண்டக்டர் தொப்பியோடு வந்தார். நம் வீட்டுக்கும் மீன்காரனுக்கும் என்ன சம்பந்தம்? அவனும் கூடையை வாசலில் இறக்கிவிட்டு "ஆஷி, மா" என்றான். இங்கே சின்னப் பெண்களையும் 'மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"ஏன்னா, மீனு நம்மாத்து வாசல்ல வந்து நிக்கறதே!" என்றாள் மன்னி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"நிக்கட்டும். சமையலுக்கா வந்திருக்கு? பட்டுவைப் பாக்கத்தானே வந்திருக்கு" என்றேன்.

நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு தலைவர், இரண்டு காரியதரிசி, ஒரு தீர்மானம், கடைசியில் வந்தனோபசாரம். இங்கே யாரும் கூட்டம் போடவில்லை. முதலில் உடனே திரும்பிவந்தவர்கள் பிறகு கடைவீதிவரை போய் வந்தார்கள். அதன் பிறகு சாயந்திரம் வந்தார்கள், அப்புறம் மறுநாள். எவ்வளவு நேரம் அவள் தாங்குவாள் என்று அவளுடைய பிடியை வைத்தே கண்டுகொண்டார்கள். பிடி தளரத் தளர அவர்கள் தூரம் நீண்டது. இதை அவர்களுக்கு யார் சொன்னது? என் அலமாரியில் இருக்கிற புத்தகங்களில் தேடினேன். அவற்றில் உலகத்தில் மற்ற எல்லாம் இருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை, வாசலில் எல்லாரும் இருந்தபோது, பட்டு அதை எல்லாருக்கும் புரிகிற வங்காளத்திலேயே கேட்டாள்.

"எல்லாரும் வரேன்னு சொல்லிட்டு வந்துட்டா. அம்மா மட்டும் ஏன் வரலை? அம்மாதான் பொய்யா?"

என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன: காசிக்குப் போயிருக்கிறாள், சாமியிடம் போயிருக்கிறாள். வாயெடுப்பதற்குள் மாஷிமா குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டார்.

"உங்கம்மா பொய் சொல்லலை, மா. உன்கிட்ட வரணும்னு அவளுக்கு அவ்வளவு ஆசை. அதனாலதான் அப்படிச் சொன்னா. முடியாம போச்சு. செத்துப்போயிட்டா. இனிமே வரமாட்டா."

பட்டு அழுதாள். நீ போன பிறகு வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். பால்காரன் சொம்பும் கையுமாக நின்று அழுதான். ஒவ்வொருவராக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அழாதே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. காளிகாட்டுக் கோயிலில் எத்தனையோ முறை கூட்டத்தோடு நின்று கும்பிட்டிருக்கிறேன். உனக்குத் தெரியும், எனக்கு உடம்பு சிலிர்த்ததில்லை. அன்று நம் வாசலில் சிலிர்த்தது.

அதற்குப் பிறகு தூங்குகிறாள். பேசுகிறாள், போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசுகிறாள். உன்னைக் கேட்டு இன்னமும் சில நாள் அழுகிறாள். அதுவும் நல்லதுதான் என்கிறார் மாஷிமா.

இந்த வாரம் அவளைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவளை அழைத்துப் போக ஒரு மூடுவண்டி சந்து முனைக்கு வந்தது. போவாளா, மறுபடி யார் காலையாவது கட்டிக்கொள்வாளா என்று மன்னி பொழுது விடிந்ததிலிருந்து தவித்தாள். சந்து முழுவதும் ஏதோ வேலை இருப்பதுபோல வாசலுக்கு வந்து, இல்லாத குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. பட்டு ஏறி உட்கார்ந்தாள். குதிரை நகரவில்லை. வண்டிக்காரன் என்னையே பார்த்தான்.

"மாமா, கதவை விடு. வண்டி போகணும்" என்றாள் உன் பெண்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மாஷிமா சிரித்த சிரிப்பு காளிகாட்டுக்கே கேட்டிருக்கும்.

அலமு, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இவள் இன்னும் பல வண்டிகளில் ஏறுவாள். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துவிடுவேன். கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பட்டுவின் மாமாவாகக் கற்றுக்கொண்டுவரும்
உன் அண்ணன் சீமாச்சு